மூன்றாம் வகுப்புச் சீட்டில் இலங்கை

இலங்கைக்குப் போகிற நம் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் கொழும்பில் விமானத்தைவிட்டு இறங்கி, ஓட்டுநரோடு ஒரு வேனைப் பேசிக்கொண்டு, ஐந்தாறு நாளில் கண்டி, நுவரெலியா, காலி என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குடும்பமாகப் போகிறவர்களுக்கு அது வசதிதான். தனியாக, எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஒருவருக்கு அந்த வழி கட்டுப்படியாகாது. நான் 2025 பிப்ரவரி இறுதியில் போய்ப் பன்னிரண்டு நாள் இருந்தேன். ஊர்விட்டு ஊர் சென்றது முழுக்க ரயிலில்தான். அதிலும் பெரும்பகுதி, முன்பதிவு இல்லாத மூன்றாம் வகுப்பில். அந்தச் சேவையைப் பற்றி, குறிப்பாகத் தனியாகச் செல்லும் ஒரு பெண்ணின் பார்வையில், எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். குறைந்த செலவில் தனியே பயணம் செய்ய இலங்கையில் ரயிலைப் போன்ற ஊர்தி வேறு இல்லை. ஆனால் எல்லாரும் ஏறுகிற வண்டியில் ஏறி, எல்லாரும் இறங்குகிற இடத்தில் இறங்குவதென்று கிளம்பினால் அதன் அருமையில் பாதி கைக்கு வராமல் போய்விடும்.

நான் போனது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் பயணிகள் கப்பலில். 2023 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவை இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கி, மழைக்காலத்தில் ஓய்ந்து, 2025 பிப்ரவரி பிற்பகுதியில் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தது. கடலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு அப்போது சுற்றுலா விசாவுக்குக் கட்டணம் இல்லை. ரயிலை நம்பிப் போகிறவருக்கு இந்தக் கப்பல்வழியில் ஒரு பெரிய நன்மை உண்டு: இலங்கையின் வடக்கு ரயில்பாதை முடிகிற இடமும் காங்கேசன்துறைதான். கப்பலிலிருந்து இறங்கி ரயிலேறிவிடலாம். நான் யாழ்ப்பாணத்தில் இரண்டு இரவு தங்கிவிட்டு, மூன்றாம் நாள் காலையில் கொழும்புக்கு வண்டி ஏறினேன்.

வடக்குப் பாதையைப் பற்றிப் பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் அதிகம் சொல்வதில்லை. மலைப்பாதையின் படங்களே எல்லாரையும் இழுத்துக்கொள்கின்றன. ஒரு தமிழ் வாசகர் முதலில் போக வேண்டியது இந்தப் பாதையில்தான் என்று நான் நினைக்கிறேன். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990இல் போரின் காரணமாக வவுனியாவுக்கு வடக்கே போக முடியாமல் நின்றது. கைவிடப்பட்ட பாதையின் தண்டவாளங்களும் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. இந்தியக் கடனுதவியோடு பாதை மறுபடி போடப்பட்டு, 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி வந்தது. இருபத்து நான்கு ஆண்டுகள் ஒரு நகரத்துக்கு ரயிலே இல்லை என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று. அந்த ஆண்டுகளை வாழ்ந்தவரின் பக்கத்தில் அமர்ந்து அதே பாதையில் போவது வேறு.

என் பக்கத்தில் இருந்தவர் கொடிகாமத்தில் ஏறிய ஒரு அம்மா. "பிள்ளை, நீர் தனியவோ வந்தனீர்?" என்று கேட்டார், ஆமாம் என்றதும் வேறொன்றும் விசாரிக்காமல் மடியிலிருந்த பையைத் திறந்து அவித்த பனங்கிழங்கு ஒன்றை எடுத்தார். தோலை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் உரித்து, கிழங்கை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவிலிருந்த தும்பை நகத்தால் கிள்ளி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டு, பாதியை என்னிடம் நீட்டினார். ஆனையிறவில் உப்பங்கழி இருபுறமும் விரிந்து, வண்டி தண்ணீரின்மேல் போவதுபோல் இருந்தபோது அவர் பேச்சை நிறுத்திவிட்டார். பரந்தன் தாண்டிய பிறகுதான் மறுபடி பேசினார். நானும் எதுவும் கேட்கவில்லை.

வவுனியா வரையில் நிலையங்களின் பெயர்களைப் படித்துக்கொண்டு வருவதே ஒரு இன்பம்: சாவகச்சேரி, பளை, கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை. பனைமரங்கள் மெல்லக் குறைந்து வன்னிக் காடு வருகிறது. காடு முடிந்து அநுராதபுரத்தின் குளங்களும் வயல்களும் வருகின்றன. பிறகு பொல்காவலை வரை தென்னை. ஏழெட்டு மணி நேரப் பயணத்தில் ஒரு தீவின் நிலம் மாறுவதை இத்தனை தெளிவாகக் காட்டும் பாதை குறைவு. வடக்குப் பாதையில் ஓடும் டீசல் பெட்டித்தொடர்களில் சில நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் கட்டப்பட்டவை. தண்டவாளத்தின் அகலமும் நம்முடையதேதான், 1,676 மில்லிமீட்டர்.

மொழியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லா நிலையங்களிலும் பெயர்ப்பலகை சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் இருக்கிறது. நாம் ரயில் என்பதை அங்கே புகையிரதம் என்று எழுதுகிறார்கள். மலையகத்தில் வாய்ப்பேச்சில் அது 'கோச்சி'. சிங்களத்திலும் 'கோச்சிய' என்பதே பேச்சுவழக்கு. தெற்கே போகப் போகச் சீட்டு விற்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, ஆங்கிலம் போதும் என்றாலும், "மே கோச்சிய எல்லட யனவத?" (இந்த வண்டி எல்ல என்ற மலையூருக்குப் போகுமா?) என்று சிங்களத்தில் கேட்டபோது நடைமேடையில் நின்ற நான்கு பேர் ஒரே நேரத்தில் விடை சொல்லி, சரியான பெட்டி வரை என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சீட்டு வாங்கும் முறைதான் புதிதாகப் போகிறவரை மிகவும் குழப்பும். முன்பதிவு இருக்கைகள் பயணத்துக்கு 30 நாள் முன்பிருந்து இணையத்திலும் நிலையங்களிலும் கிடைக்கும். கண்டியிலிருந்து எல்ல வரையிலான மலைப்பாதையில் அவை திறந்த மாத்திரத்தில் தீர்ந்துவிடுகின்றன. முன்பதிவற்ற இரண்டாம், மூன்றாம் வகுப்புச் சீட்டுகள் அன்றன்று நிலையத்தில் விற்கப்படுபவை. இருக்கை உறுதியில்லை, ஆனால் சீட்டு இல்லை என்ற பேச்சும் பெரும்பாலும் இல்லை. கட்டண வேறுபாடு பெரிது. மலைப்பாதையில் முன்பதிவு இருக்கைக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். அதே தூரத்துக்கு முன்பதிவற்ற மூன்றாம் வகுப்பு சில நூறு இலங்கை ரூபாய்தான். அப்போது நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்குச் சற்று மேல் கிடைத்தது என்பதால், நம் கணக்கில் ஒரு சாப்பாட்டின் விலை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சில வண்டிகள் முழுக்க முன்பதிவுப் பெட்டிகளால் ஆனவை. அவற்றில் சாதாரணச் சீட்டோடு ஏற முடியாது என்பதால், சீட்டு வாங்கும்போதே எந்த வண்டிக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது தெரியாமல் நான் பணம் இழந்தேன். முன்பதிவு தீர்ந்துவிட்டதே என்ற கவலையில், கண்டியில் ஒரு முகவரிடம் 4,000 இலங்கை ரூபாய் கொடுத்து எல்ல செல்ல ஒரு இருக்கை வாங்கினேன். காலையில் சீட்டைப் பிரித்துப் பார்த்தால் அதில் இருந்தது வேறு யாருடைய கடவுச்சீட்டு எண்ணோ. அந்தச் சீட்டோடு ஏறுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அதைப் பைக்குள் வைத்துவிட்டு, மூன்றாம் வகுப்பு வரிசையில் போய் நின்று, சில நூறு ரூபாய்க்கு ஒரு சீட்டு வாங்கினேன். முகவரிடம் சீட்டு வாங்காதீர்கள் என்று இதைப் படிக்கிற ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். பணம் போவது மட்டுமல்ல, உண்மையாகப் போக வேண்டியவருக்கு இருக்கை கிடைக்காமல் போவதும் அந்த வியாபாரத்தால்தான்.

மலைப்பாதைக்கு வருகிறேன். 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடிய முதல் வண்டிதான் இலங்கையின் ரயில் வரலாற்றின் தொடக்கம்; 1867இல் பாதை கண்டியைத் தொட்டது. மலைத்தோட்டங்களில் விளைந்த காப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதே நோக்கம். பின்னர் நோய் வந்து காப்பி அழிய, அதன் இடத்தில் தேயிலை வந்தது; பாதையும் தேயிலையைத் தொடர்ந்து மேலே ஏறி, 1885இல் நானுஓயாவையும் 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. தோட்ட வேலைக்காக இங்கிருந்து கடல் கடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அந்தப் பாதையின் இருமருங்கிலும் வாழ்கிறார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு ஜன்னலுக்கு வெளியே தெரிவது வெறும் பச்சை அல்ல.

கண்டியில் கூட்டம் நெருக்கியது. நான் கதவை ஒட்டி நின்றுகொண்டேன். நாவலப்பிட்டிக்குப் பிறகு வண்டி மூச்சு வாங்கி ஏறத் தொடங்குகிறது. 44 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றம் என்பதால் வேகம் என்பதே கிடையாது. வட்டவளையில் ஒரு அக்கா, தம் பெண்ணை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "நின்னுக்கிட்டே எவ்வளவு தூரம் போவீங்க, இப்படி ஒண்டிக்குங்க தங்கச்சி" என்று இடம் விட்டார். விரல் நுனிகள் தேயிலைச் சாறு ஏறிக் கறுத்திருந்தன. ரேகைகளுக்குள் மட்டும் கோடு கோடாக இன்னும் கறுப்பு. அவருடைய தாத்தா வந்தது திருச்சிப் பக்கத்திலிருந்து என்றார், ஊரின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. என்னிடம் கேட்டார், துறையூர் திருச்சியிலிருந்து எவ்வளவு தூரம் என்று. அந்த ஒரு பெயரை மட்டும் பாட்டி அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறாராம். எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அவர்கள் அட்டனில் இறங்கிய பிறகு அந்தச் சிறுமி என் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே நடைமேடையில் வண்டியோடு ஓடிவந்தாள்.

அட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கம். அதைக் கடந்தால் தலவாக்கலையில் சென்ட் கிளேயர் அருவி கண்ணில் படும். ஆனால் இந்தப் பாதையில் நான் கண்ணெடுக்காமல் பார்த்தது அருவியை அல்ல, நிலையத்துக்கு நிலையம் கைமாறும் ஒரு கம்பி வளையத்தை. ஒற்றைப் பாதை என்பதால் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதிக்கு ஓர் உலோக வில்லை உண்டு. அது யார் கையில் இருக்கிறதோ அந்த வண்டிக்கு மட்டுமே அந்தப் பகுதியில் ஓட உரிமை. தோல்பையில் வில்லையைப் போட்டு, பையைப் பெரிய கம்பி வளையத்தில் கட்டி, நிலையத்து ஊழியர் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். எஞ்சினிலிருந்து உதவி ஓட்டுநர் குனிந்து, நீட்டிய கையை வளையத்துக்குள் நுழைத்து அதைக் கவ்விக்கொள்கிறார். அதே நொடியில் பழைய வளையத்தைக் கீழே விடுகிறார். சத்தம் இல்லை, பேச்சு இல்லை. கணினித் திரைகளின் காலத்தில் நூற்றாண்டுப் பழைமையுள்ள இந்த முறை இன்றும் ஆட்களின் கைச்சுத்தத்தால் நடக்கிறது என்பதைப் பார்த்தபோது, அந்த ஊழியர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டாயிற்று.

பட்டிப்பொல நிலையம் ஆறாயிரம் அடிக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது; அகலப்பாதை ரயில் நிலையங்களில் இவ்வளவு உயரத்தில் இருப்பவை அரிது. அதற்கு அப்பால் ஒரு சுரங்கத்தினுள் நுழைந்து வெளியே வந்தால் வானிலையே மாறியிருக்கிறது. நான் போன அன்று இந்தப் பக்கம் மூடுபனி, அந்தப் பக்கம் வெயில். ஓஹிய, இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை வரையிலான அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக நான் பார்த்த ரயில் பயணம் வேறில்லை. நானுஓயாவில் கணிசமான பேர் இறங்கிவிடுவதால் உட்கார இடமும் கிடைத்துவிடுகிறது. இந்தப் பகுதியில்தான் வடைக்காரர்கள் ஏறுகிறார்கள். இஸ்ஸோ வடை என்று நம் பருப்பு வடையின்மேல் முழு இறாலை வைத்துப் பொரித்தெடுத்தது. பள்ளிக்கூட நோட்டுத் தாளில் கூம்பாகச் சுருட்டிக் கொடுக்கிறார்கள். எனக்கு வந்த தாளில் யாரோ ஒரு பிள்ளை சிவப்பு மையில் சரிக்குறி வாங்கிய கழித்தல் கணக்கு இருந்தது.

எல்லாரும் இறங்குவது எல்ல. நான் அப்புத்தளையில் இறங்கினேன். தனியே செல்கிறவர்களுக்கும் அதையே சொல்வேன். அறை வாடகை குறைவு, தமிழ் எல்லாக் கடையிலும் நடக்கும், நிலையத்திலிருந்து ஊர் நடக்கும் தூரம். மறுநாள் காலையில் கூட்டமில்லாத வண்டியில் எல்ல, தெமோதரை இரண்டுக்கும் போய்ப் பார்த்துவரலாம். ஒன்பது வளைவுப் பாலம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இரும்பே சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டி 1921இல் முடித்த பாலம். அதைவிட எனக்குப் பிடித்தது தெமோதரை. மலையின் இறக்கம் அதிகம் என்பதால் பாதையை ஒரு வட்டமாகச் சுற்றி இறக்கி, நிலையத்துக்கு அடியிலேயே ஒரு சுரங்கம் வழியாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒரு கங்காணி (தொழிலாளர்களை மேற்பார்ப்பவர்) தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துத்தான் பொறியாளருக்கு அந்த யோசனை தோன்றியது என்று அங்கே ஒரு கதை சொல்கிறார்கள். நடைமேடையில் நின்றபடி, சற்று முன் இங்கிருந்து கிளம்பிய வண்டி காலுக்குக் கீழே உறுமிக்கொண்டு வெளியேறுவதைப் பார்க்கலாம்.

படம் எடுப்பதற்காகக் கதவுக் கம்பியைப் பிடித்து வெளியே தொங்கும் வழக்கம் இந்தப் பாதையில் பெருகியிருக்கிறது. சுரங்கச் சுவரும் பாறையும் சில இடங்களில் பெட்டியிலிருந்து ஒரு கை தூரத்தில்கூட இல்லை. அப்படித் தொங்கியவர்கள் அடிபட்டு இறந்திருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கடற்கரைப் பாதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கொழும்பு கோட்டையிலிருந்து காலிக்கு இரண்டரை, மூன்று மணி நேரம். தெற்கே போகும்போது வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் கடல் கூடவே வரும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பெரலியவில் ஒரு ரயிலையே புரட்டிப்போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே இடத்தில் கொண்டுபோனது. அங்கே நினைவிடம் இருக்கிறது. பகலில் இந்தப் பாதை இனிமையானது. மாலையில் அலுவலகம் முடிந்து திரும்புகிறவர்கள் நிரம்பும் வண்டிகளில் மூச்சுவிட இடமிருக்காது. அந்த நெரிசலில் ஒருமுறை தேவையற்ற கையொன்று என்மேல் பட்டது. நான் சத்தமாகத் தமிழில் அதட்டியதும், எதிரே நின்றிருந்த சிங்களப் பெண்கள் இருவர் எதுவும் கேட்காமல் எனக்கும் அந்த ஆளுக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார்கள். தனியே செல்லும் பெண்கள் இந்தப் பாதையில் காலை வண்டிகளையே எடுங்கள்.

குறைகள் வேறும் உண்டு. வேகத்தை எதிர்பார்த்துப் போகக் கூடாது. கொழும்பிலிருந்து பதுளை 300 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் பத்து மணி நேரம் வரை பிடிக்கும். நீண்ட தூர வண்டிகள் ஒரு நாளைக்குச் சிலவே என்பதால், ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய திட்டம் முழுவதும் மாறும். மூன்றாம் வகுப்பு இருக்கைகள் கடினமானவை. முதுகுக்கு ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீரும் உணவும் கையில் வேண்டும். நிலையத்துக்கு வெளியே சோற்றுப் பார்சலும் மாலு பாண் என்ற மீன் வைத்த பன்னும் மலிவாகக் கிடைக்கும். உண்மையான செலவு தங்குமிடத்துக்குத்தான்: பன்னிரண்டு நாளில் ரயில் சீட்டுகளுக்கு நான் கொடுத்த மொத்தத் தொகை மூன்று இரவு அறை வாடகையைவிடக் குறைவு. ஒரு விடுதியில் முதலில் பேசிய வாடகைக்கு மேல் புறப்படும்போது வரி என்று சேர்த்துக் கேட்டார்கள். அதன்பின் எல்லா இடத்திலும் மொத்தத் தொகையை எழுதி வாங்கிக்கொண்டே பையை இறக்கினேன்.

இப்போது போக நினைப்பவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. நான் வந்துவிட்ட பிறகு, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி, மலைப்பாதையைப் பல இடங்களில் மண்ணோடு சரித்துவிட்டது. நான் மேலே எழுதியிருப்பது அதற்கு முந்தைய நிலை. எந்தப் பகுதியில் வண்டி ஓடுகிறது என்பதைப் புறப்படும் வாரத்தில் உறுதிசெய்துகொண்டு, அதற்கேற்பத் திட்டமிடுங்கள். செய்திப் படங்களில், அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த தண்டவாளத்தைப் பார்த்தபோது எனக்கு வட்டவளை அக்காவின் நினைவுதான் வந்தது. அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

திரும்பும்போது கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குப் பகல் வண்டியிலேயே வந்தேன். மதவாச்சிச் சந்திப்பில் ஒரு பாதை மேற்கே பிரிந்து தலைமன்னாருக்குப் போகிறது. எழும்பூரில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னாருக்குக் கடந்து, அங்கே காத்திருக்கும் வண்டியில் கொழும்பு போய்ச் சேர்ந்த போட் மெயில் காலத்துப் பாதை அது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது; அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போரால் நின்று, அந்தத் தொடர் அறுந்தது. போரில் நின்றுபோன தலைமன்னார்ப் பாதை 2015இல் மறுபடி திறக்கப்பட்டு, வண்டி இறங்குதுறை வரை போகத் தொடங்கியது. இந்த முறை எனக்கு நாள் போதவில்லை. அடுத்த முறை மதவாச்சியில் இறங்கி, மூன்றாம் வகுப்பில் ஒரு சீட்டு எடுத்துக்கொண்டு, அந்தக் கடைசி நிலையம் வரை போய்விட்டுத்தான் யாழ்ப்பாணத்துக்கு வருவேன்.